அது வேற சண்டைங்கண்ணா

எங்கள் ஊர் ஓமலூருக்கு வடக்கே இருக்கிறது. கிழக்கே பார்த்தால் சேர்வராயன் மலை. போன சுதந்திர தினத்துக்கு ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். எங்கள் ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்களின் படங்கள் வரிசையாக இருந்தன. இப்போது பணியில் இருக்கும் பையன்கள், பென்ஷன் வாங்கிக்கொண்டு தோட்டம் பார்க்கும் பெரியவர்கள், இரண்டாம் உலகப் போரில் பர்மாவுக்குப் போய்த் திரும்பிவந்த ஒரு தாத்தா வரைக்கும் எல்லோரும் இருந்தார்கள். ஊரிலிருந்து போய்ப் போரில் செத்தவர் ஒரே ஒருவர்தான். அவர் இல்லை. அவர் என் சின்ன மாமா, அம்மாவின் கடைசித் தம்பி. ஏற்பாடு செய்த பையனிடம் கேட்டேன். நல்ல பையன், படித்தவன், ஊர்க்காரியம் என்றால் கைக்காசு போட்டுச் செய்பவன். தயங்கித் தயங்கித்தான் சொன்னான்: "மறந்துட்டோம்னு நெனைக்காதீங்கண்ணா. பேசினோம். அது வேற சண்டைங்கண்ணா. போட்டா நாலு பேரு கேப்பாங்க. போடலைன்னா நீங்க ஒருத்தர்தான் கேப்பீங்க."

அவன் கணக்கில் தப்பில்லை. அதனால்தான் அது மனதில் தங்கிவிட்டது. கோபப்பட்டிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். எந்தச் சண்டை என்று இதைப் படிக்கிற யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. 1987-ல் ஈழத்துக்குப் போய் 1990-ல் திரும்பிவந்த இந்திய அமைதிப்படையைப் பற்றித் தமிழ்நாட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. அது போகக் கூடாத படை, செய்யக் கூடாத போர் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அப்படி நினைப்பவனுக்கு, அந்தப் போரில் செத்த தன் மாமாவுக்காகக் கேட்கும் உரிமை இருக்கிறதா என்பதுதான் சில மாதங்களாக எனக்குள் ஓடுகிறது. இருக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் அவர் எப்படிச் செத்தார் என்பதை விட்டுவிட்டு, எப்படி இருந்தார் என்று சொல்ல வேண்டும். ஊரில் அவர் பேச்சு வந்தால் எல்லோரும் அந்தச் சாவிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்னால் 25 வருடம் ஒரு மனிதர் இங்கே நடமாடியிருக்கிறார்.

வெள்ளைக்கல் குழியிலிருந்து வெலிங்டனுக்கு

அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, வெள்ளைக்கல் குழியில் கூலி வேலை பார்த்தவர். சேலத்திலிருந்து ஓமலூர் வரும் வழியில் வெள்ளைவெளேரென்று தெரியும் அந்த மேடுகளைப் பார்க்காத சேலத்துக்காரர் இருக்க மாட்டார். அந்தக் கல்லைச் சுட்டு, இரும்பு உருக்கும் உலைகளுக்கு உள்ளே பதிக்கும் செங்கல் செய்வார்கள். நாட்டில் எங்கெங்கோ இரும்பு காய்ச்ச எங்கள் ஊர் ஆண்கள் குழிக்குள் இறங்கிக் கல் உடைத்தார்கள். சாயங்காலம் வரும்போது அப்புச்சியின் புருவம் வரைக்கும் வெள்ளையாக இருக்கும் என்பாள் அம்மா. சின்ன மாமா பத்தாவதில் நின்றுவிட்டு அதே குழிக்குப் போனார். ஒரு வருடத்துக்கு மேல் தாங்கவில்லை. வேலை கஷ்டம் என்பதற்காக விடவில்லை. குழி மேஸ்திரி ஒருநாள் அப்புச்சியை எல்லோர் முன்னாலும் 'டேய்' போட்டுக் கூப்பிட்டிருக்கிறார், மாமா கூடையைக் கீழே போட்டுவிட்டு மேலே ஏறி வந்துவிட்டார். அவருக்கு முன்கோபம் அதிகம்.

சேலத்தில் மிலிட்டரிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு 1982-ல் போனார். எடை குறைவாக இருக்கும் என்ற பயத்தில் முந்தின நாள் ராத்திரியும் அன்றைக்கு விடிகாலையும் அம்மாயி, அவரைப் பெற்றவள், அவருக்கு வாழைப்பழமாகக் கொடுத்துத் திணித்திருக்கிறாள். அந்தக் காலத்தில் ஆள் எடுப்புக்குப் போகும் எல்லாப் பையன்களின் வீட்டிலும் இது நடக்கும். செருப்பில்லாத காலோடு ஒரு மைல் ஓடி, நெஞ்சை விரித்துக் காட்டி, தேறி வந்தார். மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறி வெலிங்டனுக்குப் போனார். மதராஸ் ரெஜிமெண்டின் மையம் அங்கேதான். சேர்வராயன் மலைக்குளிரே பெரிதாகத் தெரிந்தவருக்கு நீலகிரிக் குளிரை எழுத வார்த்தை கிடைக்கவில்லை. முதல் இன்லேண்ட் லெட்டரில் பாதி குளிரைப் பற்றியும் மீதி சாப்பாட்டைப் பற்றியும் இருந்ததாம். மூன்று வேளையும் வயிறு நிறையப் போடுகிறார்கள் என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தார். அதைப் படித்துக் காட்டச் சொல்லி அம்மாயி அம்மாவைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாள்.

முதல் லீவில் வந்தவரைப் பார்க்க ஊரே வந்தது. கறுப்பு ட்ரங்குப் பெட்டி, அதன் மேல் வெள்ளை பெயிண்டில் பேரும் நம்பரும். 'வீர மதராஸி, அடி கொல்லு அடி கொல்லு' என்று ரெஜிமெண்டின் முழக்கத்தைக் கத்திக் காட்டச் சொல்லிப் பையன்கள் பிடுங்கி எடுத்திருக்கிறார்கள். பெரிய மாமாவுக்கு எச்.எம்.டி. வாட்ச், அம்மாயிக்குக் கேண்டீனில் வாங்கிய பிரஷர் குக்கர். அந்தக் குக்கரை அம்மாயி அடுப்பில் வைத்ததே இல்லை. அரிசி போட்டு வைக்கப் பயன்படுத்தினாள்.

அவரைத் தெய்வமாக்க எனக்கு விருப்பமில்லை. லீவில் வந்தால் குடிப்பார். சீட்டாடுவார். ஆடும்போது யாராவது ஏமாற்றினால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவார். வரப்போரத்துப் புளியமரம் யாருக்கு என்று பெரிய மாமாவோடு தகராறு வந்து, கடைசி இரண்டு லீவிலும் அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் பேசாமல் இருந்தார்கள். எனக்கு அவர் நினைவு என்று சொந்தமாக இருப்பது கொஞ்சம்தான். அதில் ஒன்று ஏற்காட்டுக்குக் கூட்டிப்போனது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்து ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஒரு விரலை மடக்கச் சொன்னார். கை விரல் பத்தும் தீர்ந்த பிறகு அவர் கையை நீட்டினார். இருபதாவது வளைவில் அவருடைய சுண்டு விரலை மடக்கினேன். தன் ஊரைவிட்டு வெளியே போன மனிதருக்கு இருக்கும் ஒரு தெளிவு அவரிடம் இருந்தது. எந்தக் கடையிலும் தயங்காமல் விலை கேட்பார்.

அவருடைய திட்டம் லாரி. 15 வருடம் முடித்துவிட்டால் பென்ஷன். 1997-ல் வெளியே வந்து, சேர்த்து வைத்த பணத்தோடு கடனும் வாங்கி ஒரு டிப்பர் எடுப்பது, அப்புச்சி கூடையில் சுமந்த அதே வெள்ளைக்கல்லை லோடு அடிப்பது. ஒரு நோட்டில் எழுதியே வைத்திருந்தார்: டீசல் எவ்வளவு, டிரைவர் பேட்டா எவ்வளவு, நாளைக்கு எத்தனை நடை, மாதத் தவணை போக என்ன மிஞ்சும். சங்ககிரிப் பக்கம் லாரி வைத்திருந்த ஒருவரிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுதிய கணக்கு. அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. நான் ஒரு வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்ப்பவன், எனக்குக் கணக்கு தெரியும். டயர் செலவைக் குறைத்துப் போட்டிருக்கிறார், மற்றபடி நன்றாகத்தான் போட்டிருக்கிறார். கடன் கொடுத்திருப்பேன்.

கொளத்தூர்ப் பெரியப்பா

1983 ஜூலைக்குப் பிறகு சேலம் மாவட்டம் எப்படி இருந்தது என்பதை இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொல்வது கடினம். கொழும்பில் தமிழர்களை எரித்தார்கள் என்ற செய்தி வந்ததும் தறிக்குடிசை வரைக்கும் கறுப்புக்கொடி ஏறியது. கல்லூரிப் பிள்ளைகள் உண்டியல் குலுக்கிக்கொண்டு ஓமலூர்ச் சந்தைக்கு வருவார்கள். லீவில் வந்திருந்த சின்ன மாமா அந்த உண்டியலில் பத்து ரூபாய் போட்டார், கூட இருந்த அம்மா பார்த்திருக்கிறாள். மேட்டூரைத் தாண்டிக் கொளத்தூர்ப் பக்கத்து மலையடிவாரத்தில் 1980களின் நடுவில் புலிகளின் பயிற்சி முகாம் இருந்தது. ஒளிவுமறைவாக நடந்த காரியம் இல்லை அது. மத்திய அரசே போராளிக் குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்த காலம். கொளத்தூர் மக்கள் அந்தப் பையன்களைத் தங்கள் பிள்ளைகளாகத்தான் பார்த்தார்கள். அந்த நினைவில் புலியூர் என்று ஒரு இடத்துக்குப் பெயரே இருக்கிறது.

என் அப்பாவின் பெரியப்பா மகன், எனக்குப் பெரியப்பா முறை, அங்கேதான் விவசாயம் பார்த்தார். அவர் வீட்டுத் திண்ணையில் எந்நேரமும் இரண்டு மூன்று பையன்கள் இருப்பார்கள். அரிசியும் கடலைக்காயும் வண்டியில் ஏற்றி முகாமுக்கு அனுப்புவார். அவர் மகளுக்குச் சீர் செய்தபோது அம்மாயியும் போயிருந்தாள். பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்த பையனுக்குப் பதினேழு, பதினெட்டு வயதிருக்கும். அவன் பேச்சு புதிதாக இருக்கவே, "உங்கம்மா எங்க இருக்குது சாமி?" என்று அம்மாயி கேட்டிருக்கிறாள். அவன் சிரித்துவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டான். வரும்போது பஸ்ஸில் அம்மாயி அதையே சொல்லிக்கொண்டு வந்தாளாம். பெற்றவளைப் பற்றிக் கேட்டால் சிரிக்கிற பையன் உள்ளுக்குள் அழுகிறான் என்று அர்த்தம் என்பாள்.

1987 ஜூலை 29-ல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. படை போனது. மாமாவின் கடிதங்களில் எப்போதும் 56 ஏ.பி.ஓ. என்று முடியும் ராணுவத் தபால் முகவரிதான் இருக்கும். அதில் ஊர் இருக்காது, மாநிலம் இருக்காது. பனியில் இருக்கிறானா பாலைவனத்தில் இருக்கிறானா என்று வீட்டுக்குத் தெரியாது. அந்த ஆகஸ்ட் மாதம் வந்த கடிதத்தில், இங்கே பனைமரம் நம் ஊர் மாதிரியே இருக்கிறது, எல்லோரும் நம்ம தமிழ்தான் பேசுகிறார்கள், காதில் கேட்டால் பாட்டு மாதிரி இருக்கிறது, வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிறார்கள் என்று எழுதியிருந்தார். அம்மாயிக்கு அப்போதுதான் புரிந்தது. பையன் தமிழ் பேசுகிற ஊரில் இருக்கிறான் என்று நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள்.

செப்டம்பர் 26-ல் புலிகளின் திலீபன் நல்லூரில் உண்ணாவிரதத்தில் இறந்தார். அக்டோபர் 5-ல் பலாலியில், இலங்கைப் படையிடம் பிடிபட்டிருந்த புலிகளின் தளபதிகள் குமரப்பா, புலேந்திரன் உட்பட 12 பேர் சயனைடு கடித்துச் செத்தார்கள். அதற்கு ஐந்தே நாளில் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் சண்டை. அக்டோபர் 21, தீபாவளி நாள், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படை புகுந்து நோயாளிகளையும் டாக்டர்களையும் நர்சுகளையும் சுட்டது. இதை எழுதாமல் மாமாவைப் பற்றி மட்டும் எழுதினால் அது அவருக்கே மரியாதை ஆகாது. அங்கே செத்த தாதிக்கும் ஒரு அக்கா இருந்திருப்பாள், ஒரு அம்மாயி இருந்திருப்பாள்.

1988 தை மாதம் மாமா கொஞ்ச நாள் லீவில் வந்தார். அதுதான் கடைசி. குடிக்கவில்லை, சீட்டாடவில்லை. கிணற்று மேட்டில் உட்கார்ந்திருப்பார். பஞ்சாபிச் சிப்பாய்க்கும் கூர்க்காவுக்கும் பாஷை தெரியாது. அதனால் ரோட்டில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போடும் இடத்துக்கெல்லாம் தமிழ் தெரிந்தவர் என்று அவரைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். இறங்குங்கள், பையைத் திறங்கள், கையைத் தூக்குங்கள் என்று அந்த ஜனங்களிடம் சொன்ன வாய் அவருடையது. அம்மாவிடம் ஒரே ஒரு விஷயம் சொன்னார். ஒரு வயதான அம்மா பையைத் திறந்து காட்டிவிட்டு அவர் முகத்தைப் பார்த்து, "நீங்களும் தமிழோ தம்பி?" என்று கேட்டதாம். அவர்கள் பேசுகிற மாதிரியே சொல்லிக் காட்டினார் என்பாள் அம்மா. வேறு என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. பட்டாளத்தை விட்டு வந்துவிடேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். இன்னும் ஒன்பது வருடம்தான் அக்கா என்றாராம்.

அந்த ஆவணியில் வன்னிப் பக்கம் ஒரு ரோட்டில் கண்ணிவெடி.

கருமாதி

தந்தி வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் படித்தார். அதற்குப் பிறகு வீடு காத்திருந்த நாட்கள்தான் கொடுமை என்பாள் அம்மா. இன்றைக்கு ஒரு வீரர் இறந்தால் மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டி வீட்டு வாசலுக்கு வருகிறது, கலெக்டர் வருகிறார், குண்டு முழங்குகிறது, ஊர் மண்ணில் எரிக்கிறார்கள் அல்லது புதைக்கிறார்கள். இது 1999 கார்கில் போரிலிருந்துதான் வழக்கமானது. அதற்கு முன்னால் செத்த இடத்துக்குப் பக்கத்திலேயே எரித்துவிட்டு, அஸ்தியையும் உடைமைகளையும் வீட்டுக்கு அனுப்புவதே நடைமுறையாக இருந்தது. மாமா ஊரில் மறக்கப்பட்டதற்கு அரசியல் மட்டும் காரணம் இல்லை என்று நான் நினைப்பது இதனால்தான். ஊர் அவரைத் தோளில் தூக்கவில்லை. அவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை. சுடுகாட்டில் அவர் இடம் என்று காட்ட ஒரு அடி மண் இல்லை. ஒருவரைத் தூக்கிப்போன தோளுக்குத்தான் அவர் கனம் நினைவிருக்கும்.

யூனிட்டிலிருந்து ஒரு நாயக்கும் ஒரு சிப்பாயும் வந்தார்கள். வாய் கட்டிய சிறு பானை, அந்தக் கறுப்பு ட்ரங்குப் பெட்டி. பெட்டியில் சட்டை, ஸ்வெட்டர், சவர சாமான், லாரி நோட்டு, கடைசியாக அம்மா எழுதிய கடிதம். மேட்டூரில் காவிரியில் அஸ்தியைக் கரைத்தார்கள். பேசாமல் இருந்த பெரிய மாமாதான் கரைத்தார். தண்ணீரில் இறங்கியவர் பானையை விடமாட்டேன் என்று நின்றுவிட்டாராம், அப்பாதான் கையைப் பிரித்திருக்கிறார்.

கருமாதி அன்றைக்கு எனக்கு ஒன்பது வயது. பந்தலில் இருந்தேன். கொளத்தூர்ப் பெரியப்பா கோடித்துணியோடு வந்து நின்றார். பந்தலில் பேச்சு நின்றது. "அவனுகளுக்குச் சோறாக்கிப் போட்ட மகராசன் வர்றான் பாரு" என்று யாரோ காதில் விழும்படியே சொன்னார்கள். பெரிய மாமா எழுந்துவிட்டார். அப்பா நடுவில் போய் நின்றார். பெரியப்பா ஒன்றும் பேசாமல் துணியைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படிக்குக் கீழேயே நின்றார். கூப்பிடாமல் உள்ளே வருவதற்கு அவருக்குக் கால் எழவில்லை. திரும்பிப் போய்விட்டால் உறவு அதோடு முடிந்துவிடும் என்பதும் தெரிந்திருக்கும்.

உள்ளே பெண்கள் நடுவில் இருந்த அம்மாயி எழுந்து வாசலுக்கு வந்தாள். கோடியைக் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "உங்கூட்டுல சாப்ட்ட பசங்கெல்லாம் இருக்கறாங்களா மாப்ள?"

பெரியப்பாவுக்கு வாய் வரவில்லை. அம்மாயி அங்கேயே நின்றாள், பதில் வேண்டும் என்பது போல. "தண்ணி ஊத்துனானே ஒரு பையன்." பெரியப்பா, "தெரியலீங்கத்தை" என்றார். பிறகு, "போன மாசம் ரெண்டு பேரு செத்துட்டாங்கன்னு சேதி வந்துச்சுங்கத்தை" என்றார். சொல்லிவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்து துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அம்மாயி, "உள்ள வாங்க, கைகால் கழுவிட்டு எலையில உக்காருங்க" என்றாள். பந்தலில் அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நான் இதைப் பல விதமாக யோசித்திருக்கிறேன். அவள் மன்னித்தாள் என்று சொல்ல முடியாது. மன்னிப்பு என்ற பேச்சே அங்கே வரவில்லை. தன் மகனைக் கொன்றது யார் என்று அவளுக்குத் தெரியும். ரேடியோ கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அந்தப் பையன்களின் பக்கம் நியாயம் இருக்கிறது என்றும் அவள் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி, "எம் பையனக் கொன்ன கை நாசமாப் போவோணும்" என்று மண்ணை வாரித் தூற்றினாள், அதையும் நான் பார்த்தேன். ஆனால் அந்தப் பையனுக்குத் தண்ணீர்ச் செம்போடு ஒரு முகம் இருந்தது. அந்த முகம் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அவளுக்கு வேண்டியிருந்தது. ஒரே நாளில் இரண்டையும் வைத்துக்கொள்ள அவளால் முடிந்தது. படித்த எங்களால்தான் ஒன்றை வைத்தால் இன்னொன்றை இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது.

பென்ஷன் பணத்தில் அம்மாயி கிணற்றுக்கு ஐந்து எச்.பி. மோட்டார் போட்டாள். புளியமரத்தைப் பெரிய மாமா வெட்டிவிட்டார்.

படம் நகர்ந்த கதை

யூனிஃபாரத்தில் அவர் எடுத்த படம் ஒன்றுதான். வெலிங்டனில் எடுத்தது. அம்மாயி அதை முன்கட்டில் மாட்டினாள். 1990 மார்ச் 24-ல் படை முழுவதுமாகத் திரும்பியது. சென்னையில் நடந்த வரவேற்புக்கு அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்று அவர் சொன்ன காரணத்தோடு எனக்கு இன்றைக்கும் சம்மதம்தான். ஆனால் ஏறக்குறைய 1,200 பேர் அங்கே செத்திருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள்.

1991 மே 21-க்குப் பிறகு எல்லாம் தலைகீழானது. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட சில வாரத்தில் ஒரு கட்சிக்காரர் ஆட்களோடு வந்து மாமா படத்துக்கு ரோஜாமாலை போட்டார். தியாகி என்று நோட்டீசில் அச்சடித்தார்கள். மூன்று வருடம் ஒருவரும் எட்டிப் பார்க்காத வாசலில் கார் நின்றது. அம்மாயி அவர்களுக்கு மோர் கொடுத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதே சமயம் கொளத்தூரில் பெரியப்பாவைப் போலீஸ் கூப்பிட்டுக் கூப்பிட்டு விசாரித்தது. அதற்கும் அம்மாயிதான் அப்பாவை அனுப்பினாள், மாப்பிள்ளைக்கு ஒரு கை உதவி வேண்டியிருக்கும் போய்ப் பார் என்று.

அம்மாயி போன பிறகு படம் எங்கள் வீட்டுக்கு வந்தது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால் செய்திகளை அம்மா டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நிவாரணத்துக்குப் பணம் கேட்டு வந்த பிள்ளைகள் முன் அறையில் அந்த யூனிஃபாரத்தைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் போன பிறகு அம்மாவே படத்தைக் கழற்றி உள் அறையில் மாட்டினாள். பணமும் கொடுத்திருந்தாள். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது: செத்தவர் செத்தவராகவே இருக்கிறார், ஊரின் மனசு திரும்பும் போதெல்லாம் அவர் படம் ஏன் அறை மாற வேண்டும்?

டெல்லியில் 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவகத்தில் 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. ஈழத்தில் இறந்தவர்களும் அதில் உண்டு. கொழும்புக்குப் பக்கத்தில் ஸ்ரீ ஜெயவர்தனபுர கோட்டையிலும் இந்தப் படைக்கு நினைவிடம் இருக்கிறது. இரண்டும் அரசாங்கங்கள் கட்டியவை. மாமாவோடு கிணற்றில் குதித்தவர்கள், சீட்டாடியவர்கள் இருக்கும் ஊரில்தான் ஒன்றும் இல்லை.

எங்கள் ஊரிலிருந்து வடக்கே தருமபுரி தூரமில்லை. 1965 வரைக்கும் அதுவும் சேலம் மாவட்டம்தான். அங்கே அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். வேலையாகப் போனபோது ஒருநாள் மத்தியானம் அங்கே நின்றேன். இந்தப் பக்கத்து நடுகல் எழுத்துகளில் அரசன் பெயர் இருக்கும், ஆட்சியாண்டு இருக்கும், எந்த ஊர் மாட்டு மந்தைக்காக நடந்த சண்டை என்று இருக்கும், பட்டவன் பெயர் இருக்கும். மந்தையை மீட்கப்போய்ச் செத்தவனுக்குத் 'தொறு மீட்டுப் பட்டான்' என்று கல் நட்டார்கள். மந்தையைக் கவரப்போய்ச் செத்தவனுக்கும் 'தொறுக் கொண்டு பட்டான்' என்று கல் நட்டார்கள். அது களவு, இது காவல் என்று பிரித்து ஒருவனுக்குக் கல்லும் ஒருவனுக்கு மண்ணும் கொடுக்கவில்லை. அவனவன் ஊர் அவனவன் பெயரை வெட்டியது. செங்கம் பக்கத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. எசமான் செத்த இடத்தில் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்ற நாயின் பெயரும் அதில் இருக்கிறது: கோவிவன். ஆயிரத்து நானூறு வருடமாக ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. நம் மண் அப்படிப்பட்ட மண்.

தியாகி என்ற பட்டம் எனக்கு வேண்டாம். அந்தப் போரை யாரும் சரி என்று சொல்லவும் வேண்டாம். பேர், பிறந்த வருடம், 1988, இலங்கை. இவ்வளவு எழுதிவிட்டால் அதைப் பார்த்துக் கேள்வி கேட்கிறவர்கள் கேட்கட்டும். கேட்டால்தான் அந்தச் சோதனைச் சாவடியில் அந்த வயதான அம்மா கேட்டதையும் சொல்ல முடியும், ஆஸ்பத்திரியில் நடந்ததையும் சொல்ல முடியும். பேரே இல்லாத இடத்தில் எந்தக் கேள்வியும் வராது.

பெட்டி கொண்டுவந்த நாயக் பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர். அன்றைக்கு எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அம்மாயி காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனவர். முன்னாள் படைவீரர்கள் சிலர் மூலமாக விசாரித்ததில், அவர் உயிரோடு இருக்கிறார், எழுபதைத் தாண்டிவிட்டார், காது மட்டும் கொஞ்சம் மந்தம் என்று தெரிந்தது. போனில் பேசினால் கேட்காது, நேரில் வாங்க என்று அவர் மகள் சொன்னார். அம்மாவும் வருகிறேன் என்கிறாள். அவளிடம் கேள்விகள் நிறைய இருக்கின்றன: தம்பி அங்கே யாரோடு சிரித்துப் பேசுவான், பெரியவனோடு சண்டை என்று சொல்லியிருக்கிறானா, அந்த லீவு முடிந்து போன பிறகு மறுபடி குடித்தானா, அன்றைக்குக் காலையில் சாப்பிட்டானா. எனக்கு நோட்டில் ஒரு சந்தேகம். கடைசிப் பக்கத்தில், யூனிட்டில் போட்ட சீட்டுப் பணம் 3,000 என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். அந்தச் சீட்டை யார் பிடித்தார், மாமா எடுத்தாரா இல்லையா, எடுத்திருந்தால் லாரிக்காக யாரிடமாவது முன்பணம் கொடுத்து வைத்தாரா என்பதை நாயக்கிடம் கேட்க வேண்டும்.